கண்ணுக்குப் போகும் இரத்தத்தைத் தாய் காட்டினாள்

என் இடது கண்ணில் பார்வை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பார்வை திரும்பி வந்தது என்று நான் முடிப்பேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். திரும்பி வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நம் அம்மன், அந்தத் தாய், என் வேண்டுதலைக் கேட்டாள். அது எப்படி என்று நம் வெள்ளிக்கிழமைப் பூசைக் குழுவில் இருப்பவர்களுக்கு எழுதித் தரும்படி சரோஜா அக்கா கேட்டார். மூன்று மாதம் தள்ளிப் போட்டேன். இதை எழுதினால் நான் செய்த ஒரு பெரிய தவறையும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான்.

என் பெயர் மல்லிகா. வயது ஐம்பத்தேழு. புக்கிட் மேராவில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் மாணிக்கம் துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பதினான்கு வருஷம் பஸ் ஓட்டினேன். இரட்டை மாடி பஸ். பெண்பிள்ளை இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறாளே என்று பலர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

போன வருஷம் தீபாவளிக்குச் சில வாரம் முன்பு அது ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலில் மூங்கில் கழியில் துணி மாட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். திடீரென்று இடது கண்ணில் மேலிருந்து ஒரு சாம்பல் நிறத் திரை இறங்கியது. வலி இல்லை. கண்ணைக் கசக்கினேன். போகவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து இறங்கியது போலவே மெல்ல மேலே ஏறிப் போய்விட்டது. வெயில், தூக்கம் போதவில்லை, உடம்பில் சர்க்கரை, இனிப்பு நீர் வேறு இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பத்து வாரத்தில் அது மேலும் ஆறு முறை வந்தது. அதில் இரண்டு முறை நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்கா சந்தையை நெருங்கும்போது. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடைபாதை கொள்ளாமல், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள். என் இடது பக்கம்தான் நடைபாதை. இடது கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் திரை இறங்கியது. தலையை முழுவதும் திருப்பி, வலது கண்ணால் பார்த்து, எப்படியோ பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் நின்ற ஒரு தம்பி, கட்டுமான வேலை செய்கிறவர், கேட்டார். "அக்கா, என்னாச்சு? வண்டி ஓடலையா?"

"கதவு சரியா மூடல தம்பி. ரெண்டு நிமிஷம்."

பொய். கதவுக்கு ஒன்றும் இல்லை. திரை மேலே ஏறியதும் வண்டியை எடுத்தேன். பஸ்ஸில் மேலும் கீழுமாக எழுபது பேராவது இருந்திருப்பார்கள். அம்மன் கோவிலைத் தாண்டும்போது வழக்கமாக மனத்துக்குள் ஒரு கும்பிடு போடுவேன். அன்று அதுகூடப் போடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

டிப்போவில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள். கண் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வண்டி போய்விடும். எனக்கு வண்டியை விட்டால் வேறு என்ன தெரியும்? தாயிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் உங்களோடு உட்கார்ந்து பாடினேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவளிடம் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அவளே என்னைத் தடுத்துவிடுவாள் என்ற பயம்.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, எனக்கு ஓய்வு நாள். திரை இறங்கியது. மேலே ஏறவில்லை.

ஏறிவிடும் என்று காத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கோப்பி ஊற்றினேன். கோப்பை இருக்கும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி மேசையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"மல்லிகா, என்ன பண்ற?"

"இடது கண்ணு தெரியல."

"எப்போலேர்ந்து?"

"இப்பதான்."

அதுவும் பாதிப் பொய்தான்.

மருத்துவமனைக்கு ஓடினோம். கண் பிரிவில் ஒரு சீன டாக்டர். சின்ன வயது, பொறுமையானவர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரையில் அங்கங்கே இரத்தப் புள்ளிகள் இருக்கின்றன, உங்களுக்குப் பல வருஷமாக இனிப்பு நீர் இருப்பதால் மெல்லிய இரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருக்கலாம் என்றார். பிறகு கேட்டார், இதற்கு முன்பு கண் திடீரென்று இருட்டாகித் திரும்பி வந்ததுண்டா என்று.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் விரல்கள் கணினியில் எழுதத் தயாராக இருந்தன. அதில் பதிவானால் என் ஓட்டுநர் உரிமம் வரை போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

"இல்லை" என்றேன்.

மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கண்ணுக்குள்தான். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். ஆனாலும் ஊசி வருவது தெரியும். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டார்கள். நானும் ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு உண்மையைச் சொல்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் வேண்ட ஆரம்பித்தேன். தேக்காவில் வெள்ளிக் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்தினேன். நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டேன். பஸ் ஏறிப் போய், விளக்கேற்றிவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். "கண்ணைக் குடு தாயே. வண்டியைக் குடு." வேறு எதுவும் சொல்லவில்லை.

கண் மோசமாகிக்கொண்டே போனது. முதல் மாதம் அந்தத் திரை வழியாக முகம் மங்கலாகவாவது தெரிந்தது. அடுத்த மாதம் முகம் இருக்கும் இடம் மட்டும் தெரிந்தது. புருவத்துக்கு மேல் ஒரு மந்தமான வலி வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து நின்றால் வலி. படுத்தால் கொஞ்சம் குறையும். வெளிச்சத்தில் போய் வந்தால் அரை மணி நேரம் ஒன்றுமே தெரியாது. கோவிலில் தீபாராதனை காட்டும்போது எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சுடரே ஒரு வெள்ளைக் கறையாகத் தெரியும். பிறகு அதுவும் கரைந்துபோகும்.

நாற்பத்தோராவது நாளோடு நிறுத்திவிட்டேன்.

கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை. காலையில் எழுந்து சமையலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருவேன். சரோஜா அக்கா கூப்பிடுவார். கைத்தொலைபேசி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டிலுள்ள சாமி படத்துக்குப் பூப்போடுவதையும் விட்டுவிட்டேன். எனக்கு ஒரு கண் போனது பெரிதில்லை, இன்னொன்றும் போகும், அதையும் அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது அழுகையும் வரவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கோவிலுக்கு வந்தால் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர். உள்ளே வர மாட்டார். கும்பிட மாட்டார். கேலி செய்யவும் மாட்டார். நாற்பத்திரண்டாவது நாள் நான் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"போகலயா?"

"போய் என்ன ஆவப் போவுது?"

அவர் சட்டையை எடுத்து மாட்டினார். "இன்னும் ஏழு நாள்தானே இருக்கு. நீ போகலன்னா நான் போறேன். எண்ணெய் எவ்ளோ ஊத்தணும்?"

ஏழு நாளும் போனார். திரி சரியாகப் பற்றவில்லை என்று ஒரு நாள் விரலைச் சுட்டுக்கொண்டு வந்தார். அங்கே என்ன சொல்லிக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்து ஐந்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு மருத்துவமனையில் கண்ணைப் படம் எடுக்கக் கொடுத்திருந்த நாள். ஊசி போட்டும் ஏன் குணமாகவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை. கண்ணுக்குள் இருக்கும் இரத்தக் குழாய்களையும், அவற்றில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதையும் படமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

படம் எடுத்தவர் ஜமீலா. நம் ஊர்த் தமிழ் முஸ்லிம் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் கருநீல முக்காடு. பேரைக் கூப்பிட்டதும் நான் தடுமாறி எழுந்ததைப் பார்த்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, இங்க ஒரு படி இருக்கு. மெதுவா லா. அவசரமே இல்ல."

முதலில் ஒரு இயந்திரம். ஊசி, மருந்து எதுவும் இல்லை. தாடையை வைத்து ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும். அது விழித்திரையில் இருக்கும் நுண்ணிய குழாய்களை வலை மாதிரி வரைந்து காட்டும். என் வலது கண்ணின் வலையை ஜமீலா எனக்குத் திருப்பிக் காட்டினார். நெருக்கமாக, அழகாக இருந்தது. இடது கண்ணின் வலையில் அங்கங்கே நூலே இல்லை. வெறும் கறுப்பு. அதை அவர் சீக்கிரம் மூடிவிட்டார்.

அடுத்தது சாயப் பரிசோதனை. கையில் நரம்பைப் பார்த்து ஊசி குத்தி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாயத்தை இரத்தத்தில் ஏற்றுவார்கள். அது இதயத்துக்குப் போய், கழுத்து வழியாக ஏறி, கண்ணுக்கு வரும். வரும்போது நீல வெளிச்சம் அடித்து அடித்துப் படம் எடுப்பார்கள். இரத்தம் போகும் வழியெல்லாம் சாயம் பளிச்சென்று தெரியும். பத்துப் பதினைந்து நொடியில் வந்துவிடும் என்று ஜமீலா சொன்னார். கொஞ்சம் குமட்டும், ஒரு நாள் தோல் மஞ்சளாகத் தெரியும், சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார்.

கையில் தாளை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். ஒவ்வாமை உண்டா. சிறுநீரகக் கோளாறு உண்டா. பிறகு, "ஆன்ட்டி, இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் கண்ணு திடீர்னு இருட்டாகி, அப்புறம் தானா சரியாகியிருக்கா?"

"இல்லம்மா" என்றேன்.

தாடையை வைத்தேன். நெற்றியைப் பட்டையில் சாய்த்தேன். ஒரு நர்ஸ் கையில் ஊசியைக் குத்தித் தயாராக வைத்திருந்தார். விளக்கை அணைத்தார்கள்.

அந்த இருட்டில்தான் வேண்டிக்கொண்டேன். பன்னிரண்டு நாளாகப் பேசாமல் இருந்தவளிடம் பேசினேன். கண்ணைக் கேட்கவில்லை. வண்டியைக் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு போய்விட்டது. "தாயே, எனக்குள்ள என்ன நடக்குதுன்னாவது காட்டு. நல்லதோ கெட்டதோ, காட்டு. ஒன்னும் தெரியாமயே என்னைய கொல்லாத." அவ்வளவுதான். நம்பிக்கையோடு கேட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வேறு யாரும் இல்லாததால் கேட்டேன்.

"மருந்து போகுது" என்றார் நர்ஸ். கை குளிர்ந்தது. ஜமீலா எண்ண ஆரம்பித்தார். நீல வெளிச்சம் சொடுக்கிச் சொடுக்கி விழுந்தது.

பத்து. பன்னிரண்டு. பதினைந்து.

வெளிச்சம் நின்றது. ஜமீலா நர்ஸிடம் ஆங்கிலத்தில் கேட்டார், மருந்து நரம்புக்குள் போனதா, வெளியே கசிந்ததா என்று. நர்ஸ் என் கையைத் தடவிப் பார்த்து, உள்ளேதான் போயிருக்கிறது என்றார். எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. மருந்து உடம்பெல்லாம் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் கண்ணுக்கு வரவில்லை.

இருபது. இருபத்தைந்து. ஜமீலா சத்தமாக எண்ணுவதை நிறுத்திவிட்டார். மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பதையும் தாண்டிய பிறகு, "வந்துடுச்சு" என்று மெல்லச் சொன்னார். வெளிச்சம் மறுபடி சொடுக்க ஆரம்பித்தது.

எல்லாப் படமும் எடுத்து முடித்ததும் விளக்கைப் போட்டார்கள். ஜமீலா நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். அந்த வெளிச்சம் பட்டதில் எனக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது. அவர் முகமும் சிவப்பு.

"ஆன்ட்டி, நான் டாக்டர் இல்ல. படம் என்ன சொல்லுதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா இப்பவே அவரக் கூப்பிடப் போறேன். அதுக்கு முன்னாடி ஒன்னு கேக்குறேன். கோபப்படாதீங்க. நான் கேட்டதுக்கு இல்லன்னு சொன்னீங்களே. உண்மையிலயே கண்ணு இருட்டானது இல்லயா?"

எனக்கு இப்போதும் தெரியவில்லை, எப்படி வாய் திறந்தது என்று.

"ஏழு தடவ" என்றேன். "ரெண்டு தடவ பஸ் ஓட்டும்போது."

சொல்லி முடித்ததும்தான் கவனித்தேன். கதவு திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் என் கைப்பையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. உள்ளே வந்து கைப்பையை என் மடியில் வைத்தார். "பஸ்ல எத்தன பேரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

டாக்டர் வந்தார். படங்களைத் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நொடி எழுதியிருந்தது. பக்கத்தில் வேறொருவருடைய படத்தை, பேரை மறைத்துவிட்டு, எனக்குப் புரிவதற்காகக் காட்டினார். அதில் குழாய்கள் மரக்கிளைகள் மாதிரி வெள்ளையாக நிறைந்து நின்றன. அதே நொடியில் என்னுடையது முழுக் கறுப்பு. பிந்திய படத்தில்தான் ஒரு கிளையின் அடி மட்டும் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

அவர் எளிய ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "கோளாறு உங்கள் கண்ணில் தொடங்கவில்லை. கண்ணுக்கு வரும் இரத்தமே தாமதமாக, குறைவாக வருகிறது. கழுத்தில் இருக்கும் பெரிய குழாய் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அதே குழாய்தான் மூளைக்கும் போகிறது. நீங்கள் இன்று வீட்டுக்குப் போகக் கூடாது."

அன்று பிற்பகலே கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சந்தேகப்பட்டது சரி. இடது பக்கக் கழுத்துக் குழாயில் நூல் நுழையும் அளவுதான் வழி இருந்தது. அதிலிருந்து அவ்வப்போது துகள் உடைந்து கண்ணுக்குப் போனபோதெல்லாம்தான் எனக்குத் திரை இறங்கியிருக்கிறது. அடுத்த துகள் மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். அது இன்றைக்கோ நாளைக்கோ நடந்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். நான் சிராங்கூன் சாலையை நினைத்தேன். அந்த இரட்டை மாடி பஸ்ஸை நினைத்தேன். "வண்டி ஓடலையா" என்று கேட்ட தம்பியின் முகத்தை நினைத்தேன்.

என்ன நடக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காட்டிவிட்டாள். படத்தையும் காட்டினாள், நான் மறைத்ததையும் என் வீட்டுக்காரர் காதில் விழும்படி காட்டினாள்.

அன்று நான் கண் மருத்துவரிடம் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "முதல் தடவையே சொல்லியிருந்தா கண்ணு பிழைச்சிருக்குமா டாக்டர்?" அவர் சுற்றி வளைக்கவில்லை. பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றார். அந்தப் பதிலோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை. கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். செய்யும்போதே பக்கவாதம் வரவும் கூடும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்று காலை என் வீட்டுக்காரர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை. என் கால் விரல்களைப் போர்வைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கா?"

"இல்ல. வெக்கமா இருக்கு."

"இருக்கட்டும்" என்றார். "வெக்கத்தோட எழுந்து வா."

அவ்வளவுதான். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து ஏறும்வரை நான் எதையும் வேண்டவில்லை. தாயே, தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுந்தேன். கை அசைந்தது. கால் அசைந்தது. பேரைக் கேட்டார்கள், சொன்னேன். இடது கண்ணைத் திறந்தேன். முன்பு இருந்த அதே சாம்பல்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும் என்று மனத்துக்குள் ஒரு ஆசை இருந்தது. அப்படி ஆசை இல்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? வாரங்கள் போயின. இரத்தம் வராமல் காய்ந்து கிடந்த கண்ணில் வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தன. அதற்கு லேசர் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். புருவ வலி போனது. பார்வை வரவில்லை. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரியும். அவ்வளவுதான் மிச்சம்.

ஆடி மாதத்தில் மறுபடி சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அதே அறை, அதே ஜமீலா. இந்த முறை அவர் பதினான்கு என்று எண்ணும்போதே வெளிச்சம் வேகமாகச் சொடுக்க ஆரம்பித்தது. "ஆன்ட்டி, டைமுக்கு வந்துடுச்சு லா!" என்று கையைத் தட்டினார். பார்க்க முடியாத கண்ணுக்குள் இரத்தம் நேரத்தோடு வந்துகொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு நீ ரெண்டாவது தடவ கேக்காம இருந்திருந்தா?" என்றேன். "படம் பொய் சொல்லாது ஆன்ட்டி. அதான் கேட்டேன்" என்றார்.

அதற்கடுத்த வாரம் டிப்போவுக்குப் போனேன். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலாய்க்காரர், என்னை 'கக்', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். என்னோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் முடிக்கும்வரை பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். "கக், பதினாலு வருஷம் என்கூட வேலை செஞ்சீங்க. என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் சொன்னதை ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை இரண்டு கையாலும் கொடுத்தேன்.

இப்போது ஒரு பள்ளி உணவகத்தில் மீ நூடுல்ஸ் கடையில் வேலை செய்கிறேன். ஒற்றைக் கண்ணால் தூரம் சரியாகத் தெரியாது. சுடுசாறு ஊற்றும்போது கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். படி இறங்கும்போது காலால் தடவுவேன். வெளியே போனால் என் வீட்டுக்காரர் இடது பக்கமாக வருவார். இருவரும் பேசிக்கொள்கிறோம். முன்பைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பஸ் ஒன்று பெரிதாக வளைந்து வந்து நின்றால் அவர் முகம் மாறுவதை நான் வலது கண்ணால் பார்க்கிறேன்.

சில நாள் காலையில் மனம் அப்படியே தரையோடு படுத்துவிடும். கண் போனது, வேலை போனது, நான் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ அதுவும் போனது. அவள் ஏன் முன்பே தடுக்கவில்லை என்று கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் டாக்டரும் நர்ஸும் என்னிடம் எத்தனை முறை கேட்டார்கள் என்பது நினைவுக்கு வரும். தாய் வேறு எப்படிக் கேட்பாள்? அவர்கள் வாயால்தானே கேட்டிருப்பாள்? இல்லை, இல்லை என்று சொன்னது நான்தான்.

ஆனாலும் அவள் என்னை விடவில்லை. நான் விளக்கை நிறுத்திய பிறகும், கும்பிடத் தெரியாத மனுஷன் ஒருவரை அனுப்பி மீதி ஏழு விளக்கையும் வாங்கிக்கொண்டாள். வேறு மதத்துப் பெண் ஒருவரை என் முன்னால் உட்காரவைத்து மறுபடி ஒரு முறை கேட்கவைத்தாள். நான் கேட்ட கண்ணைக் கொடுக்கவில்லை. என்னை உயிரோடு வைத்திருக்கிறாள். சாலையில் என்னால் யாரும் சாகாமல் காப்பாற்றியிருக்கிறாள். இதற்கு மேல் நன்றி சொல்ல எனக்குச் சொல் இல்லை. வெள்ளிக்கிழமை உங்களோடு வந்து உட்காருகிறேன், அதுதான் என் நன்றி.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது கண் இரண்டு நிமிஷம் இருட்டாகித் திரும்பி வந்திருந்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள். கண் விஷயம் இல்லாவிட்டாலும் வேறு ஏதோ ஒன்றை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு தாய் முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர்கள் இருக்கலாம். நான் அப்படித்தான் பாடினேன். அவளிடம் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தாங்குவாள். அதோடு நிறுத்திவிடாமல் மறுநாள் காலை டாக்டரிடமும் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்குத் திங்கட்கிழமை ஓய்வு நாள். நான் உங்களோடு வந்து டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.